இரண்டு சொட்டில் தெரிந்துவிடும்

சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சொட்டு அக்கா தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தார்.

"முக்கால் வாளி ஆயிடுச்சு. குழாயை மூடுங்க."

"இன்னும் பாதிகூட ஆகலைம்மா," என்றது உள்ளிருந்து அவருடைய கணவரின் குரல்.

"எட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

குழாயைத் திருகும் கிறீச். "முக்காலுக்கு ஒரு விரல் கம்மி."

"அந்த ஒரு விரல் உங்க கண்ணுல கம்மி."

பக்கத்து வீட்டில் எட்டு வருடமாகக் குடியிருக்கும் எனக்கு இது பழகிப்போன கச்சேரி. தண்ணீர் ஏற ஏறச் சத்தம் கூர்மையாகும் என்று நமக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்கு அது அளவுகோல். தொட்டி எத்தனை அங்குலம், குழாயில் காற்றுப் புகுந்ததா, பம்பின் வாஷர் இன்னும் எத்தனை நாள் தாங்கும், எல்லாவற்றையும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே சொல்லிவிடுவார். இருபத்துமூன்று வருடமாகத் தண்ணீரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே பிழைத்தவர். மனிதர்கள் பேசுவதைவிட அது நேர்மையாக இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவர் வேலை பார்ப்பது குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நிக்கல் முலாம் பூசும் தொழிற்சாலையில். பளபளவென்று சாமான் அடுக்கி வைத்திருக்கும் முன்கூடத்தில் அல்ல. அதற்கெல்லாம் பின்னால், கழிவுநீர் அறையில். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த சாமானை அலசிய தண்ணீர் இளம்பச்சையாக அங்கே வந்து சேரும். ஆளுயரத்துக்கு மேல் இரண்டு உருளைகள் நிற்கும். அவற்றுக்குள் கடுகைவிடச் சிறியதாய், தேன் நிறத்தில், கணக்கில்லாத மணிகள். ரெசின் என்பார்கள். பச்சைத் தண்ணீர் மேலே நுழையும். மணிகளுக்கிடையில் புகுந்து இறங்கும். கீழே நிறமில்லாமல் வெளியேறும்.

"அது எப்படி அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பஸ்ஸு மாதிரிதான். ஒவ்வொரு மணியிலயும் உப்போட ஆளுங்க சீட்டுல உக்காந்திருப்பாங்க. சாதுவான ஆளுங்க, யாருக்கும் கெடுதல் இல்ல. நிக்கல் ஏறுச்சுன்னா, எந்திரிச்சு எடம் குடுத்துட்டு அவங்க எறங்கிடுவாங்க. நிக்கல் உக்காந்துக்கும்."

"அந்த பஸ் உதாரணம் என்னோடது," என்றார் கணவர். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக நின்றே வேலை பார்த்து, முழங்கால்கள் இரண்டையும் அந்த வேலைக்கே கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர். "என் உதாரணத்தை வச்சுத்தான் இவ ஊரெல்லாம் பாடம் எடுக்கறா."

"சரி, உங்களோடதுதான். வாங்கிக்கோங்க. கேளு நீ. சீட்டெல்லாம் ரொம்பிட்டா அப்புறம் வர்ற நிக்கல் என்ன செய்யும்? நேரா பின்வாசல் வழியா எறங்கிப் போயிட்டே இருக்கும். அப்போ ஓட்டத்தை நிறுத்தி, ஆசிட்டை உள்ள விட்டு, உக்காந்திருக்கற நிக்கலையெல்லாம் எழுப்பி எறக்கணும். அப்புறம் மறுபடி சாதுவானவங்களை உக்கார வைக்கணும். நாலு நாளைக்கு ஒரு தரம் இதே வேலை."

"எறங்கின நிக்கல் எங்கே போகும்?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கேள்வியை எங்க முதலாளி ஒரு நாள் கேட்டிருந்தா, நான் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்."

சுத்திகரிப்பு என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம்! ஏதோ அந்த மணிகள் விஷத்தைத் தின்று செரித்துவிடும் என்பதுபோல. அவை எதையும் செரிப்பதில்லை. பிடித்து வைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆயிரம் வாளியில் கலந்து கிடந்த கேடு, ஆசிட் விட்டதும் இரண்டு பேரலில் கெட்டியாக, பாசி நிறத்தில் வந்து நிற்கும். அதை லாரியில் ஏற்றி, நிக்கலைப் பிரித்தெடுக்கும் வேறொரு ஆலைக்கு அனுப்ப வேண்டும். அங்கேதான் வேலை முடிகிறது. லாரி வராவிட்டால் அந்த அறையில் நடப்பதெல்லாம் வெறும் கண்துடைப்பு.

ஒரு நாள் அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்து போய்விட, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். ஜன்னல் உயரத்தில் சிறியதாக ஒன்று. தொண்டையில் உட்காரும் புளிப்பு வாடை. கை வைக்கும் இடமெல்லாம் ஈரம். ஆசிட் தெறித்து மேசையில் குழி, நாற்காலியில் குழி, அக்காவின் மேலங்கியில் மழை பெய்ததுபோல் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அவரோ பெரிய உருளையில் கன்னம் வைக்காத குறையாகச் சாய்ந்து நின்று, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவன் நாலு நாளா ஒரே பக்கமா அமுங்கிக் கெடக்கான். ஆசிட் விடறதுக்கு முன்னாடி தலைகீழாக் குளிப்பாட்டி உதறி விடணும். இல்லேன்னா பாதி மணிக்கு ஆசிட்டே போய்ச் சேராது."

பெரிய உருளைக்குப் பெரியவன் என்று பெயர். சின்னதற்குச் சின்னவன். சின்னவன் கொஞ்சம் சோம்பேறியாம். தரையில் சிந்திய மணிகளைக் குப்பையில் தள்ள விடமாட்டார். வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள் என்பது ஒரு காரணம். மற்றது, "உழைக்கறவனை யாராச்சும் குப்பையில கொட்டுவாங்களா?" முறத்தில் வாரி, கழுவி, ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்.

பிறகு அந்தச் சடங்கைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த சின்னவனின் கீழ்க்குழாயைத் திறந்து சோதனைக் குழாயில் விரற்கடை அளவு தண்ணீர் பிடித்தார். பழுதில்லாத தெளிவு, தாகத்தில் யாரும் குடித்துவிடுவார்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா ஒரு சொட்டு. இன்னொரு சிறு பாட்டிலிலிருந்து மருந்து ஒரு சொட்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். நிக்கல் இல்லையென்றால் நிறம் வராது. இருந்தால், அடியிலிருந்து ரோஸ் நிறம் கிளம்பி மேலே படரும். அன்று வரவில்லை. "வெள்ளை," என்று சொல்லிக்கொண்டே ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஷிப்டுக்கு மூன்று தரம் இப்படிச் சொட்டு; ரெஜிஸ்டரில் மட்டும் ஷிப்டுக்கு ஒரு வரி, ஒரு கையெழுத்து. அதனால்தான் சொட்டு அக்கா. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால், வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது.

அந்த இரண்டு பாட்டில்களும் அவர் கைப்பையிலும் இருக்கும். ஓட்டலில் உட்கார்ந்ததும், தண்ணீர் டம்ளருக்குள் சொட்டு விழும்.

"ஒரு தடவை சர்வர் ஓடி வந்து, 'அம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், விஷம் வேணாம்'னு கையைப் பிடிச்சுட்டான்," என்று கண்டக்டர் சொல்வார். "அதுல இருந்து நாங்க ஓட்டலுக்குப் போறதில்ல. போனாலும் தனித்தனி மேசைதான்."

முதலாளி என்றொருவர் இருக்கிறார். வெள்ளைச் சட்டை. கழிவுநீர் அறைக்கு வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டி வருவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வந்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் கீழ்க்குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "பாத்தீங்களா? கண்ணாடி மாதிரி!" எல்லோரும் தலையாட்டுவார்கள். யாராவது படம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் அக்கா இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவர் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. முதலாளி அந்த டம்ளரை உதட்டில் வைத்ததையும் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

இந்த வருடம் லாரி நின்றது. எதற்கு வீண் செலவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே முடிவாகிவிட்டது. பாசி நிறப் பேரல்கள் அறையை நிரப்பி, வராந்தாவை நிரப்பி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்தன. இனி ஒரு பேரல்கூட காலி இல்லை. காலிப் பேரல் இல்லாமல் நிக்கலை இறக்க முடியாது. இறக்காமல் பெரியவன் வேலை செய்ய மாட்டான். அக்கா மேனேஜரிடம் போய் நின்றார்.

"சார், பெரியவனும் ரொம்பிட்டான், சின்னவனும் ரொம்பிட்டான். அலசற தண்ணியை நிறுத்துங்க."

"ஆர்டர் இருக்குக்கா. லைனை நிறுத்தினா என்னை நிறுத்திடுவாங்க."

அன்று மாலை, உருளைகளைத் தொடாமல் தண்ணீரை நேரே வெளியே விடுகிற பைபாஸ் வால்வை மேனேஜரே திறந்துவிட்டார். யாரும் தெரியாமல் திருகிவிடக் கூடாதென்று அக்கா அதைச் சிவப்பு ரிப்பனால் கட்டி வைத்திருந்தார். ரிப்பன் அறுந்து தரையில் கிடந்தது. ஆர்டர் முடிந்த பிறகுதான் வால்வை மூடினார்கள். ஒன்பது நாள். ஒன்பது நாளும் அக்கா தண்ணீர் பிடித்தார், சொட்டு விட்டார். ரோஸ். ரோஸ். ரோஸ். "இதுக்கு மேல செவக்க மருந்தால முடியாது," என்றார் என்னிடம். ஒன்பது நாளும் அதை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தார்.

தொழிற்சாலைக் கால்வாய் கீழ்த்தெரு வழியாகப் போகிறது. அந்தத் தெருவின் கைப்பம்பு கால்வாய்க் கரையிலேயே நிற்கிறது. கீழ்த்தெருவில்தான் கண்டக்டரின் தங்கை, அக்காவுக்கு நாத்தனார், தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறார். முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு கொப்புளம். பிறகு தோல் உரிந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல், இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றார். அவர் தெருவில் அப்படி இன்னும் பதினோரு வீடு. ஆஸ்பத்திரி டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "எந்தத் தண்ணியிலம்மா கை வைக்கறீங்க?" என்று கேட்டாராம்.

"அண்ணி, உங்க கம்பெனித் தண்ணிதானே அது?" என்றார் நாத்தனார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. சந்தேகம் கேட்கிற குரலில். அதுதான் கொடுமை.

அக்கா பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்கு நடந்தார். பம்பை அடித்தார். சொட்டு விட்டார். ரோஸ். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிட்டேன்ல, அது போதும்னு நினைச்சேன்டா. ரோஸ்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுத் தூங்கினேன். ஒம்பது நாள்! அவ அந்தத் தண்ணியில பாத்திரம் தேச்சுட்டிருந்திருக்கா."

"நீங்க என்ன அக்கா செய்ய முடியும்?"

"அந்த ஒம்பது வரிதான் நான் செஞ்சது. அதுவும் இல்லேன்னா, நானும் அவங்களும் ஒண்ணு."

கீழ்த்தெருக்காரர்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று முந்தின நாளே தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. அக்காவின் ஷிப்ட் முடிந்ததும், அவசர அவசரமாகப் பெரியவனுக்கு ஆசிட் விட்டு நிக்கலை இறக்கினார்கள். இறக்கிய பாசி நிறத் தண்ணீரைப் பட்டப்பகலில் ரப்பர் குழாய் போட்டு அதே கால்வாயில் விட்டார்கள்! மறுநாள் அதிகாரி சீசாவில் பிடித்த தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. தேறிவிட்டார்கள்.

கண்டக்டர் கொதித்தார். "செக்கிங் இன்ஸ்பெக்டர் அடுத்த ஸ்டாப்புல ஏறுவார்னு முன்னாடியே தெரிஞ்சா, பஸ்ஸுல டிக்கெட் எடுக்காதவன் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். இதுக்குப் பேர் செக்கிங்கா? இதுக்குப் பேர் விருந்து."

கீழ்த்தெரு விடவில்லை. மறுபடி போய் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். இந்த முறை புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி ஒருவர், தண்ணீர் வேண்டாம், தினசரி ரெஜிஸ்டரைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

வாளித் தகராறு நடந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு முந்தின நாள். பட்டாணி முழுதும் உரித்தாகவில்லை. வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மேனேஜர். ஒரு கையில் ஆப்பிள் பை. இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். நான் எழுந்தேன்.

"நீ உக்காரு," என்றார் அக்கா. "சார் ரகசியம் பேச வரலை. வந்தா ஆப்பிளோட வருவாரா?"

மேனேஜர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அக்காவுக்கு ரெஜிஸ்டர் எழுதக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, மேலே முதலாளி இருக்கிறார். இந்த உலகத்தின் பாதிக் கேடு, மேலே ஒருவர் இருக்கும் நல்ல மனிதர்களால்தான் நடக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்தார். புத்தம் புது ரெஜிஸ்டர். பக்கத்துக்குப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் குத்தித் தரும் முத்திரையும் எண்ணும். ஆறு மாதக் கணக்கை மூன்று நாள் உட்கார்ந்து தன் கையாலேயே நகல் எடுத்திருந்தார்.

"உங்க கையெழுத்து மட்டும்தான்கா பாக்கி. ஷிப்டுக்கு ஒண்ணு. சும்மா சரசரன்னு போட்டுட்டா முடிஞ்சுது."

"பழைய ரெஜிஸ்டர் எங்க சார்?"

"அது நனைஞ்சு போச்சு."

"எந்தத் தண்ணியில சார்? உள்ள வர்ற தண்ணியிலயா, வெளிய போற தண்ணியிலயா?"

மேனேஜர் ரெஜிஸ்டரை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்துப் புரட்டினார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. ஆறு மாசம் நம்ம ரூம்ல கெடந்த நோட்டு. ஒரு ஓட்டை இல்ல!"

கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேசையைத் தின்ற ஆசிட், மேலங்கியைத் தின்ற ஆசிட், இந்த நோட்டை மட்டும் தொடவே இல்லை. வழவழவென்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அந்த அறைக்குள் ஒரு நாள் உட்கார்ந்து எழுதியவனுக்கு இந்தப் பிழை வராது.

மேனேஜரின் முகம் ஒரு கணம் செத்துவிட்டது. பிறகு சமாளித்தார். "அதுக்கென்னக்கா. நாளைக்குக் காலையில நீங்களே அங்கங்க ரெண்டு சொட்டு விட்டுடுங்க. உங்களுக்குத்தான் கை பழக்கமாச்சே."

 இருபத்துமூன்று வருடம் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொட்டு விட்ட கையிடம், பொய்க்குப் பொட்டு வைக்கச் சொல்கிறார்!

அக்கா அந்த ஒன்பது நாள் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்பது வரி. ஒவ்வொன்றிலும் 'வெள்ளை', 'வெள்ளை' என்று அழகான கையெழுத்தில்.

"இதுல என் கையெழுத்தா?"

"போடலேன்னா, வால்வைத் திறந்தது யாருன்னு கேள்வி வரும். அறைச் சாவி உங்ககிட்டதான் இருக்குன்னு முதலாளி சொல்லுவார். நான் இல்லேன்னு சொல்ல முடியாதுக்கா. உங்க நல்லதுக்குத்தான் நேர்ல வந்தேன்."

கண்டக்டர் இருமினார். "இன்னும் மூணு வருஷம்தானேம்மா சர்வீஸ்," என்றார் மெதுவாக. "என் முட்டிக்கு அந்த வைத்தியமெல்லாம் உன் கம்பெனி கார்டுலதான் ஓடுது. ஒரு கையெழுத்து. நீ போட்டாலும் போடலேன்னாலும் போன தண்ணி போனதுதான்."

அவர் சொன்னதும் நியாயம்தான். வீட்டுக்குள் நியாயம் இப்படித்தான் பேசும், முட்டியைத் தடவிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளிருந்து தேநீர்த் தட்டோடு வந்தார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை துணி. தட்டை விரல்களில் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் நெருக்கிப் பிடித்திருந்தார். வந்திருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. "எடுத்துக்கோங்க சார்," என்று நீட்டினார்.

மேனேஜர் டம்ளரை எடுத்தார். உண்மையான பரிவோடு கேட்டார். "என்னம்மா கையில? சுட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல சார்."

"எண்ணெய் பட்டுச்சா?"

"தண்ணி சார். எங்க தெருப் பம்புத் தண்ணி."

 மேனேஜரின் டம்ளர் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. நாத்தனார் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். கண்டக்டர் தன் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பேனா குடுங்க சார்," என்றார் அக்கா.

மேனேஜரின் மூச்சு இறங்கியது தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாகக் கொடுத்தார். அக்கா ரெஜிஸ்டரைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். முதல் வரியின் 'வெள்ளை'க்கு நடுவே நிதானமாக ஒரு கோடு இழுத்தார். மேலே 'ரோஸ்' என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

"அக்கா!"

இரண்டாவது வரி. கோடு. ரோஸ். கையெழுத்து.

"அக்கா, என்ன பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு? முத்திரை குத்தின நோட்டு! இந்த ஒண்ணுதான் இருக்கு! மூணு நாள் எழுதினேன்!"

"அடிச்சு எழுதினா பக்கத்துல கையெழுத்துப் போடணும். கிழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது, கீழ இருக்கற எழுத்து தெரியணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்."

அவர் கை நீட்டிப் பிடுங்கப் போனார். கண்டக்டர் நடுவில் தன் கைத்தடியைக் குறுக்கே வைத்தார். அடிக்க அல்ல, ஏறும் கூட்டத்தை நிறுத்துகிற மாதிரி.

"இருங்க சார். அவ எழுதி முடிக்கட்டும்."

சற்று முன் ஒரு கையெழுத்துதானே என்று சொன்ன அதே மனிதர். நாத்தனார் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று. நான்கு. ஐந்து. அக்காவின் கை ஒரு வரியிலும் வேகம் எடுக்கவில்லை. ஆறாவது வரியில் மை தடுமாற, பேனாவை உதறி, ஓரத்தில் கிறுக்கிப் பார்த்து, மறுபடி எழுதினார். ஒன்பதாவது முடிந்ததும், ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்தார். ஷிப்ட் முடிந்து போகும்போது செய்வதுபோல.

"கையெழுத்து கேட்டீங்க. போட்டுட்டேன். எடுத்துட்டுப் போங்க."

"உங்களுக்கு வேலை போயிடும்கா," என்றார் மேனேஜர். "எனக்கும் போயிடும்."

"தெரியும் சார்."

"நான் இதைக் கொண்டு போகாமலே இருந்துட்டா? ரெஜிஸ்டரே காணோம்னு சொல்லிட்டா?"

"சொல்லுங்க. நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். ஏழு மணிக்கு வந்துடுவேன். பத்து மணிக்கு அந்தம்மா வரும்போது ரூம்லதான் இருப்பேன். நோட்டு இருந்தா நோட்டு பேசட்டும். இல்லேன்னா என்கிட்ட வாய் இருக்கு."

மேனேஜர் எழுந்தார். ரெஜிஸ்டரைச் செய்தித்தாளில் சுற்றப் பார்த்தார். தாள் கிழிந்தது. அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டார். துணி சுற்றிய அந்தக் கைகளை ஒரு தரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அக்கா அவருக்கு முன்னே போனார். வீட்டைப் பார்த்துக் கிடந்த அவர் ஷூக்களைக் குனிந்து எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்படி படிமேல் வைத்தார். அவர் கால் நுழைத்து, நாடாவைக் கட்டி முடித்து, ஸ்கூட்டரைக் கிளப்பும்வரை நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.